நிழலிட்ட பகுதி

முந்நூற்றெட்டில் நூற்றுத் தொண்ணூற்றாறு போனால் நூற்றுப் பன்னிரண்டு. கழித்தலில் தப்பில்லை. விடைக்குறிப்பிலும் நூற்றுப் பன்னிரண்டு சதுர சென்டிமீட்டர் என்றுதான் இருக்கிறது. ஆனால் இந்த முந்நூற்றெட்டு எங்கிருந்து வந்து குதித்தது? சிவப்புப் பேனா தாளுக்கு மேலே அரை விரல் உயரத்தில் நிற்கிறது, இறங்குவேனா என்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கி இன்று மூன்றாம் நாள். மதியம் கொடுத்த கட்டில் இது நாலாவது தாள். சாப்பிட்ட சாம்பார் சாதம் நெஞ்சுக்குழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஐம்பத்தொன்பது வயதுக்காரியை உட்கார வைத்தால் முட்டியை எங்கே வைப்பது? மேலே ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் கீழே வருவதில்லை. கடல்காற்று மூன்று மணிக்குத்தான் வரும், தூத்துக்குடியில் அது அரசாங்க உத்தியோகம் மாதிரி, நேரத்துக்கு முன்னால் தலைகாட்டாது. சரி, கணக்கைப் பார். பதினான்கு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். எதிரெதிரான இரண்டு மூலைகளில் காம்பஸை ஊன்றி, பக்க அளவையே ஆரமாக வைத்து, உள்ளே இரண்டு கால்வட்டம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில், நடுவில், மூலைக்கு மூலை நீண்ட ஒரு இலை. அந்த இலைக்குத்தான் கோடு கோடாய் நிழல் போட்டிருக்கிறார்கள். நிழலிட்ட பகுதியின் பரப்பு காண்க. ஐந்து மதிப்பெண். மூன்று நாளில் அறுபத்துச் சொச்சம் தடவை இந்த இலையைப் பார்த்துவிட்டேன், கண்ணை மூடினாலும் இலைதான்.

விடைக்குறிப்பு சொல்கிற வழி எனக்குத் தூக்கத்திலும் வரும். இலையின் இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு மூலைவிட்டம் போடு. இலை இரண்டு பாதியாகும். கால்வட்டத்தின் பரப்பு நூற்றைம்பத்து நான்கு, அதிலிருந்து முக்கோணம் தொண்ணூற்றெட்டைக் கழி, ஐம்பத்தாறு. அது பாதி இலை. இரண்டால் பெருக்கு, நூற்றுப் பன்னிரண்டு. படத்துக்கு ஒன்று, நூற்றைம்பத்து நான்குக்கு ஒன்று, தொண்ணூற்றெட்டுக்கு ஒன்று, ஐம்பத்தாறுக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. ஐந்து படி, ஐந்து மதிப்பெண். பேனா தானாக இறங்கி டிக், டிக், டிக் என்று போகும். இந்தத் தாளில் படம் இருக்கிறது, நூற்றைம்பத்து நான்கு இருக்கிறது, அப்புறம் தொண்ணூற்றெட்டைக் காணோம், ஐம்பத்தாறைக் காணோம், திடீரென்று நூற்றைம்பத்து நான்கும் நூற்றைம்பத்து நான்கும் முந்நூற்றெட்டு, கழித்தல் சதுரம் நூற்றுத் தொண்ணூற்றாறு, விடை. இப்படி வருகிறதற்கு நான் வைத்திருக்கிற மருந்து ஒன்றுதான். படத்துக்கு ஒன்று, கால்வட்டத்துக்கு ஒன்று, ஆக இரண்டு. பக்கத்தில் 'படி இல்லை' என்று எழுதி ஒரு வட்டம். முன்னாலிருப்பவனைப் பார்த்து எழுதியிருப்பான், கடைசி எண் மட்டும் கண்ணில் பட்டிருக்கும், இடையில் கையில் கிடைத்த எண்ணையெல்லாம் கூட்டிக் கழித்து அந்த எண்ணைக் கொண்டுவந்திருப்பான். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவளுக்கு இதெல்லாம் தெரியாதா? கை 'படி' என்று எழுதத் தொடங்கிய நேரத்தில்தான் ஓரத்தில், மார்ஜின் கோட்டுக்கு அந்தப் பக்கம், பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'இரண்டு துண்டும் சேர்ந்தால் சதுரத்தை விடப் பெரிசு. ஆனால் சதுரத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. அப்படியென்றால் மிச்சம் எங்கே போகும்? நடுவில்தான் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.' கணக்குத் தாளில் கதை எழுதியிருக்கிறது பிள்ளை. பெரிசு என்று வேறு எழுதியிருக்கிறது, பெரியது என்று எழுதத் தெரியாமல்.

மிச்சம் எங்கே போகும். நான் என்னவோ கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம், யாரிடம் சொல்கிறேன், எனக்கு நானேதான் சொல்லிக்கொள்கிறேன். முதல் நாள் ஒரு தாள் முப்பத்துமூன்றில் நின்றது. முப்பத்தைந்து வேண்டும் தேற. முப்பத்துமூன்றைப் பார்த்தால் டீச்சர்கள் நாங்கள் உடனே பேனாவை மூடிவிட மாட்டோம், முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டுவோம், எங்கேயாவது அரை சூத்திரமாவது இருக்கிறதா, ஒரு அலகாவது எழுதியிருக்கிறதா, ஒன்றரையை இரண்டாக்க முடியுமா என்று சல்லடை போட்டுச் சலிப்போம். அன்றைக்கு நான்கு தடவை சலித்தேன். கூட்டலை மூன்று தடவை போட்டேன். இரண்டே இரண்டு மார்க் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துக்கனியிடம், "பாவம் முத்து, ரெண்டு மார்க்குல போச்சு, தேடித் தேடிப் பாத்துட்டேன்" என்று சொன்னேன். அவள் உச்சுக்கொட்டினாள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத்தான் தூங்கினேன், என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்று. இப்போது எதற்கு அது ஞாபகம் வருகிறது? இந்த இலையைப் பார். வேறு எதுவும் வேண்டாம், இந்த இலையை மட்டும் பார்.

இரண்டு துண்டு. ஒரு கால்வட்டம் ஒரு துண்டு, இன்னொரு கால்வட்டம் இன்னொரு துண்டு. பெஞ்சின் மேல் இடது கையை விரித்து வைக்கிறேன். அதன் மேல் வலது கையைப் பாதி வரைக்கும் ஏற்றி வைக்கிறேன். இரண்டு கையும் தனித்தனியாக வைத்தால் இவ்வளவு இடம் பிடிக்கும், ஏற்றி வைத்தால் குறைவாகப் பிடிக்கும். குறைந்த இடம் எவ்வளவோ அவ்வளவுதான் ஒன்றின் மேல் ஒன்று இருப்பது. ஆமாம். ஆமாம்தானே? எனக்கு இது ஏன் உடனே பிடிபடவில்லை? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் பிடிபட்டுவிடும். கட்டிலில் இரண்டு சின்ன விரிப்பைப் போட்டு மூடுகிற எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மூலைவிட்டம் போட்டால்தான் இலை தெரிகிறது, மூலைவிட்டம் இல்லாவிட்டால் கண் கட்டிவிடுகிறது. முதன்முதலில் இந்தக் கணக்கை நான் யாரிடம் படித்தேன், எந்த வருடம், ஞாபகமில்லை. மூலைவிட்டம் போடலாம் என்று எனக்கே தோன்றியதா, யாராவது சொன்னார்களா? சொல்லித்தான் இருப்பார்கள். நானும் சொன்னேன், முப்பத்திரண்டு வருடம், வருடத்துக்கு நூறு பிள்ளைகளுக்கு. ஷீபாவுக்கும் சொன்னேன். என் மகள் ஷீபா ஒன்பதாவது படிக்கும்போது பூங்காவைச் சுற்றி நடைபாதைக் கணக்கு ஒன்று. வெளிச் செவ்வகத்தின் பரப்பிலிருந்து உள் செவ்வகத்தின் பரப்பைக் கழிக்க வேண்டும், அதுதான் முறை. அவள் நடைபாதையை நான்கு பட்டையாக நறுக்கி, ஒவ்வொரு பட்டையையும் தனியாகப் பெருக்கிக் கூட்டி வைத்திருந்தாள். விடை சரி. நான் அடித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். "ஏம்மா, இப்படிப் போட்டா விடை வராதா?" என்றாள். "விடை வரும், மார்க் வராது" என்றேன். "அப்ப மார்க்கு போடுற ஆளுக்குக் கணக்கு தெரியாதா?" என்று கேட்டாள். முதுகில் ஒன்று வைத்தேன். பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டாள். இப்போது ஓசூரில் நன்றாகத்தான் இருக்கிறாள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் வாய்த்துடுக்கு அப்படி. ஆனால் கேட்டது கேட்டதுதான், பதினேழு வருடமாகியும் அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது.

இரு, அவசரப்படாதே, கணக்கு டீச்சர்தானே நீ, ஓட்டை இருக்கிறதா என்று பார். இரண்டு துண்டும் சேர்ந்து சதுரம் முழுவதையும் மூடினால்தான் இந்த வழி செல்லும். எங்காவது துண்டே படாத இடம் இருந்தால் மிச்சம் தப்பாகிவிடும். பிள்ளை அதைச் சொல்லவில்லை. நான் பார்க்கிறேன். இந்த மூலையில் ஊன்றிய கால்வட்டம் சதுரத்தில் எதிர் மூலையை மட்டும் தொடாமல் விடுகிறது. அந்த எதிர் மூலையில்தான் அடுத்த கால்வட்டம் ஊன்றியிருக்கிறது. இது விட்டதை அது மூடுகிறது, அது விட்டதை இது மூடுகிறது. ஓட்டையே இல்லை. அப்படியென்றால், நில், நில், அந்த விட்டுப்போன மூலை இருக்கிறதே, இலைக்கு வெளியே வெள்ளையாக, அதன் பரப்பு என்ன? சதுரம் நூற்றுத் தொண்ணூற்றாறு, கால்வட்டம் நூற்றைம்பத்து நான்கு, போனால் நாற்பத்திரண்டு. அப்படி இரண்டு வெள்ளை மூலை, எண்பத்து நான்கு. சதுரத்திலிருந்து எண்பத்து நான்கைத் தள்ளினால் இலை. நூற்றுப் பன்னிரண்டு! டீ டோக்கனின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன், அதே நூற்றுப் பன்னிரண்டு. இது விடைக்குறிப்பிலும் இல்லை, இந்தப் பிள்ளையின் தாளிலும் இல்லை. நானே கண்டுபிடித்தது. உலகத்தில் ஆயிரம் பேர் இதற்கு முன்னால் கண்டுபிடித்திருப்பார்கள், இருக்கட்டும், எனக்கு இது இன்று மதியம் இரண்டே முக்காலுக்குப் பிறந்தது. சிரிப்பு வருகிறது. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறேன், யாராவது பார்த்தால் அமலோற்பவம் டீச்சருக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள். கடைசியாக ஒரு கணக்கை நான் போட்டது எப்போது? திருத்தியது இல்லை, கரும்பலகையில் எழுதியது இல்லை, போட்டது.

"என்னக்கா, அதே பேப்பர்லயே நிக்கீய? நான் எட்டு முடிச்சிட்டேன்" என்கிறாள் முத்துக்கனி. அவள் வேறு பள்ளிக்கூடம், முப்பத்தைந்து வயது, சாயங்காலம் டியூஷனும் எடுக்கிறாள், மூன்று நாளாக எங்கே மாறி உட்கார்ந்தாலும் பக்கத்திலேயே இருப்பதால் டீச்சர் போய் அக்கா ஆகிவிட்டேன். தாளைத் தள்ளிக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள். "ஆமா, ரெண்டு குவாடரண்டு கழித்தல் ஸ்கொயர். சரிதான? எங்க டியூஷன்ல இதெல்லாம் ஒரே வரிக்கா. சதுரத்த ஏழு பங்கா வச்சா அதுல நாலு பங்கு இலை. நூத்தித் தொண்ணூத்தாறுல ஏழுல நாலு, நூத்திப் பன்னெண்டு, முடிஞ்சு போச்சு." "அது ஏன் ஏழுல நாலு?" என்று கேட்டேன். "அது அப்படித்தான் வரும்க்கா. ஏன்னு எவன் கேக்கான், பிள்ளைக மனப்பாடம் பண்ணிரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மா அஞ்சப் போட்டுட்டுப் போங்க. நானும் நேத்து இப்படி ரெண்டுக்குப் போட்டேன்" என்றாள். நேற்று இரண்டுக்குப் போட்டாளாம். அப்படியென்றால் இது ஏதோ ஒரு பிள்ளைக்கு மட்டும் தோன்றிய அதிசயம் இல்லை. வருகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அவளிடம் போனால் ஐந்து, என்னிடம் வந்தால் இரண்டு. கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கிற அலுவலக உதவியாளர் எந்தக் கட்டை எந்தப் பெஞ்சில் வைத்தார் என்பதில் இருக்கிறது பிள்ளையின் தலையெழுத்து.

இரண்டு விசிறி. அதுதான். அதுதான் இவ்வளவு நேரமாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு தாளில் சதுரத்துக்குப் பக்கத்தில் தனியாக இரண்டு கால்வட்டம் வரைந்திருந்தது, பனையோலை விசிறி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி, பென்சிலில், அழுத்தமான கோட்டில். படத்தைப் புரிந்துகொள்ளாமல் தனித்தனியாக வரைந்துவிட்டது என்று நினைத்தேன். கீழே முந்நூற்றெட்டு. கீழே விடை. படத்துக்கு ஒன்று, கால்வட்டத்துக்கு ஒன்று, 'படி இல்லை'. எந்தத் தாள்? நேற்றா? நேற்றுக் காலையா? இல்லை. நேற்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், இந்த விசிறியைப் பார்த்தபோது ஜன்னல் வெளிச்சம் தாளில் விழுந்தது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது முதல் நாள். முதல் நாள் மொத்தம் முப்பது தாள். முப்பதில் ஒன்று. அது அந்த முப்பத்துமூன்றாக இருக்கக் கூடாது. ஏன் இருக்க வேண்டும்? முப்பதில் ஒரு பங்கு வாய்ப்பு, நிகழ்தகவு நடத்துகிறவள்தானே நீ. ஆனால் ஒரு தடவை பார்த்த தாள் இப்படிக் கண்ணில் நிற்குமா? அந்தக் கோட்டின் அழுத்தம், ரப்பர் போட்டு அழித்த தடம், ஒரு விசிறியின் நுனி கொஞ்சம் வழிந்து அடுத்த வரியைத் தொட்டது, இவ்வளவும் எப்படித் தெரிகிறது எனக்கு? முப்பது தாளில் நான் நான்கு தடவை புரட்டியது ஒரே ஒரு தாளைத்தான். இரண்டு மார்க் தேடி நான்கு தடவை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன். மூன்று மார்க் அங்கேயே கிடந்தது. நானே வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. சும்மா மனசு ஜோடித்துச் சொல்கிறதாக இருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எதையாவது இழுத்துப் போட்டுக்கொண்டு உழல்கிற புத்திதானே இது. போன வாரம் கேஸை மூடினோமா என்று பஸ்ஸில் பாதி வழி போய் இறங்கித் திரும்பினேன், மூடித்தான் இருந்தது. அதேபோல இதுவும். முதல் நாள் கட்டு போய்விட்டது, சீல் வைத்தாகிவிட்டது, இனி யார் அதைத் திறப்பார்கள்? திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் எழுதிக் கொடு என்பார்கள். ராசாமணி சார் கதை தெரியாதா? ஒரு தாளில் கூட்டலில் எட்டு மார்க் விட்டுப்போனது, பிள்ளை மறுகூட்டல் போட்டான், மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தார், திரும்பவும் மெமோ வந்தது, ஓய்வு பெறுகிற அன்று கையில் பென்ஷன் ஆர்டர் இல்லாமல் வெறும் பொன்னாடையோடு வீட்டுக்குப் போனார். எனக்கு அடுத்த மே. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு மெமோ கிடையாது, ஒரு நாள் லேட் கிடையாது. அமலோற்பவம் டீச்சர் பேப்பரை, திருத்தியதைச் சரிபார்க்கிற சீஃப் பார்க்கவே வேண்டாம், அப்படியே கையெழுத்துப் போடலாம் என்று பேர். அந்தப் பேரை நானே போய் அழித்துக்கொள்ள வேண்டுமா, ஒரு விசிறியை நம்பி? பிள்ளையே மறுகூட்டல் போடட்டும். ஆனால் மறுகூட்டலில் கூட்டலைத்தான் பார்ப்பார்கள், என் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது, மூன்று தடவை போட்டிருக்கிறேனே. ஜூலையில் மறுதேர்வு எழுதட்டும். எழுதினால் தேறிவிடும். எழுதினால். முப்பத்துமூன்று வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் மறுபடி வந்து எழுதியதைப் பார்த்திருக்கிறாய் நீ? தீப்பெட்டி ஆபீசுக்கும் ஜவுளிக்கடைக்கும் போனவர்கள் எத்தனை பேர்? தனக்குக் கணக்கு வராது என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நம்பும். மூலைவிட்டம் இல்லாமலே இலையைப் பார்த்த பிள்ளை. டீச்சருக்கே வராத இடத்தில் வந்த பிள்ளை.

மூன்று மணிக் காற்று வந்துவிட்டது, தாள்கள் படபடக்கின்றன, எல்லோரும் எதையாவது எடுத்து மேலே வைக்கிறார்கள். நான் விடைக்குறிப்பை எடுத்து வைக்கிறேன். முதல் பக்கம் மேலே வந்து கிடக்கிறது. 'வேறு சரியான முறையில் தீர்வு கண்டிருப்பின் அதற்குரிய முழு மதிப்பெண் வழங்குக.' ஒவ்வொரு வருடமும் முதல் நாள் காலையில் இதைச் சத்தமாக வாசிப்பார்கள், நாங்கள் எல்லாம் டீ வந்ததா, வடை உண்டா என்று பார்த்துக்கொண்டிருப்போம். இத்தனை முகாமில் இந்த வரியை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. அதற்கு வேறு முறை எது, சரியான முறை எது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது முறை மட்டும்தான். சிவப்புப் பேனா இறங்குகிறது. எழுதத் தொடங்கிய 'படி'யை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இலைக்கு ஐந்து. ஓரத்தில் எழுதிய நான்கு வரிக்கும் ஒரு டிக். இது பையனா பெண்ணா தெரியாது, பெயர் இருந்த பகுதியைக் கிழித்தெடுத்த தாள். கைப்பையிலிருந்து என் சின்ன நோட்டை எடுக்கிறேன். எந்தத் தாளுக்கு எத்தனை போட்டேன் என்று ஒவ்வொரு முகாமிலும் குறித்து வைக்கிறது என் பழக்கம், பின்னால் யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு. முதல் நாள், முப்பது எண்கள், முப்பது மொத்தம். முப்பத்துமூன்று ஒன்றுதான் இருக்கிறது, பதினெட்டாவதாக. எழுந்திருக்கிறேன். முட்டி கடக்கென்கிறது. "எங்கக்கா, டீயா?" என்கிறாள் முத்துக்கனி. இல்லை என்று தலையாட்டுகிறேன், எங்கே என்று சொன்னால் அவள் உட்கார வைத்துவிடுவாள், நானும் உட்கார்ந்துவிடுவேன்.

சீஃப் கிருபாகரன் சார் அறையின் கோடியில் பச்சைப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். தலைமையாசிரியராக இருந்து வந்தவர், குரல் உயராது. டீ டோக்கனின் பின்பக்கத்தைக் காட்டி, துண்டையும் மிச்சத்தையும் சொன்னேன். "சரியான முறைதான டீச்சர், அஞ்சு போடுங்க, இதுல என்ன சந்தேகம்?" என்றார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. "இதுக்குப் போட்டுட்டேன் சார். முதல் நாள் ஒண்ணுக்கு ரெண்டுதான் போட்டேன்னு நினைக்கேன். முப்பத்துமூணுல நிக்கி அந்தப் பேப்பர்." பச்சைப் பேனாவை மூடி வைத்தார். "முதல் நாள் கட்டா? அது ஆபீஸ்ல சீல் வச்சாச்சே. நாளைக்குக் காலையில வண்டி வந்துரும்." "திறக்க முடியாதா சார்?" "முடியும். நீங்க எழுதிக் குடுக்கணும், நான் ஒப்பம் போடணும், கேம்ப் ஆபீசர் அனுமதிக்கணும். உங்க ஃபைல்ல ஏறும். உங்களுக்கு அடுத்த மே தான?" ஆமாம் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பேப்பர்தான்னு நிச்சயமாத் தெரியுமா?" "தெரியாது சார். ரெண்டு விசிறி வரஞ்சிருந்தது ஞாபகம் இருக்கு, அது அந்தப் பேப்பர்தானான்னு சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது." "வேற பேப்பரா இருந்துட்டா?" அதைத்தானே இவ்வளவு நேரம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு தாளாக இருந்தால் அதில் எழுபது எண்பது வாங்கிய ஒரு பிள்ளைக்கு மூன்று மார்க் கூடும், எனக்கு மெமோ வரும். "இருந்தா அதுக்குப் போடுவோம் சார். அதுவும் போட்ட கணக்குதான" என்றேன். இதை யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

வெள்ளைத்தாள் ஒன்றை உருவி என் பக்கம் தள்ளினார். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் எழுதினேன், கட்டு எண், தாள் வரிசை பதினெட்டு, கேள்வி எண், ஏற்கெனவே வழங்கியது இரண்டு, வழங்க வேண்டியது ஐந்து. என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, எப்போதும் நன்றாக இருக்கும். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சார் எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக, "கவனக்குறைவுன்னு போட்டுருங்க டீச்சர். எல்லாரும் அதுதான் போடுவாங்க. அதோட முடிஞ்சிரும்" என்றார். நல்ல மனிதர், எனக்கு வழி பண்ணிக் கொடுக்கப் பார்க்கிறார். கவனக்குறைவு. நான்கு தடவை புரட்டியவளுக்குக் கவனக்குறைவா? கவனத்துக்கு என்ன குறை, அந்தப் பக்கத்தை வரிவரியாகப் பார்த்தேனே. முதுகில் அடி வாங்கிய ஷீபா அழாமல் என்னைப் பார்த்தாள் ஒரு பார்வை, கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்கிற மாதிரி. காற்றில் தாள் பறக்கப் பார்த்தது, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எழுதினேன்: 'இந்த முறை எனக்குத் தெரியவில்லை. இன்று மதியம் ஒரு மாணவர் எழுதியிருந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.'